7 வேக ரோட் பைக்கில் 8 வேக லிவரும் 9 வேக கேசட்டும்: எது எதோடு ஒத்துப்போகும்?

கேட்டவர்: பழைய ஃப்ரேம்

1990 வாக்கில் தயாரான ஸ்டீல் ஃப்ரேம் ரோட் பைக் ஒன்றை மீண்டும் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருக்கிறேன். அதில் முதலிலிருந்தே இருப்பவை ஷிமானோ 105 வரிசையின் 7 வேக பாகங்கள்; கியர் லிவர்கள் கீழ்க்குழாயில் உள்ளன; முன்னால் 52, 42 பற்கள் கொண்ட இரண்டு செயின்ரிங்குகள். பின் சக்கரத்தின் ரிம் விரிசல் விட்டுவிட்டதால், பயன்படுத்திய சக்கர ஜோடி ஒன்றை வாங்கினேன். அதன் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 130 மி.மீ. அகலம், அதிலேயே 12–27 பற்கள் கொண்ட 9 வேக கேசட் (பின் பற்சக்கரங்களின் அடுக்கு) ஒன்று ஏறியிருந்தது. கையைக் கீழே இறக்காமல் கியர் மாற்ற வேண்டும் என்ற ஆசையால், பிரேக்கும் கியரும் சேர்ந்த 8 வேக எஸ்டிஐ லிவர்களையும் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டெரெய்லர், முன் டெரெய்லர், மிதிகளைத் தாங்கும் கிராங்க் மூன்றும் பழையவையே.

ஒன்பது பற்சக்கரங்களில் ஒன்றை விட்டுவிட்டால் எட்டுதானே, எட்டு கிளிக் நிலைகள் போதுமே என்று எண்ணி, 9 வேக செயினையும் போட்டு, பைக்கைத் தாங்கியில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். மிகச் சிறிய பற்சக்கரத்தில் சரியாக நிற்கும்படி கேபிளைச் சரிசெய்தால் அடுத்த ஒன்றிரண்டு மாற்றங்கள் ஒழுங்காக நடக்கின்றன. நான்காவதில் செயின் பக்கத்துப் பல்லின் முகத்தில் உரசிக் கரகரக்கிறது. ஐந்தாவது, ஆறாவதில் எந்தப் பற்சக்கரத்தில் உட்காருவது என்று முடிவெடுக்காமல் தாவிக்கொண்டே இருக்கிறது. நடுவில் சரியாக இருக்கும்படி வைத்தால் இரண்டு ஓரங்களும் கெடுகின்றன.

இதைக் கேபிள் இழுவிசையைச் சரிசெய்து தீர்க்க முடியுமா, அல்லது பாகங்களே ஒன்றுக்கொன்று பொருந்தாதவையா? 7 வேகத்துக்கென்று வந்த பின் டெரெய்லரை மாற்ற வேண்டுமா? பின் சக்கரம் அமரும் இடைவெளி 126 மி.மீ. உள்ள என் ஃப்ரேமில் 130 மி.மீ. சக்கரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?

---

கருவிப்பெட்டி

கேபிளை எவ்வளவு நுட்பமாகச் சரிசெய்தாலும் இது தீராது. நீங்கள் விவரித்த அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: பிழை ஓரிடத்தில் நிற்காமல் ஒவ்வொரு கிளிக்குக்கும் கூடிக்கொண்டே போகிறது. கேபிள் தளர்ந்திருந்தால் எல்லாப் பற்சக்கரங்களிலும் ஒரே அளவு விலகல் தெரியும்.

பாகங்களின் மேல் எழுதியிருக்கும் 7, 8, 9 என்ற எண்களை மறந்துவிட்டு மூன்று அளவுகளை மட்டும் பாருங்கள். ஒரு கிளிக்குக்கு லிவர் எவ்வளவு கேபிளை இழுக்கிறது, இழுத்த கேபிளைப் பின் டெரெய்லர் எத்தனை மடங்கு பக்கவாட்டு நகர்வாக மாற்றுகிறது, கேசட்டில் ஒரு பற்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்பவையே அந்த மூன்றும். முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வர வேண்டும். ஷிமானோவின் 8 வேக லிவர் ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ 2.8 மி.மீ. இழுக்கிறது, அக்காலத்து டெரெய்லரின் மடங்கு ஏறத்தாழ 1.7. ஆகவே நகர்வு சுமார் 4.76 மி.மீ. 8 வேக கேசட்டின் இடைவெளி 4.8 மி.மீ. என்பதால் அங்கே கணக்கு பொருந்துகிறது. உங்கள் 9 வேக கேசட்டின் இடைவெளியோ சுமார் 4.35 மி.மீ. ஒவ்வொரு கிளிக்கிலும் டெரெய்லர் 0.4 மி.மீ. கூடுதலாகப் போகிறது, நான்கு கிளிக்குகளில் அது 1.6 மி.மீ. ஆகிவிடும். இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே பாதித் தூரமே 2.2 மி.மீ. என்னும்போது, ஐந்தாவதில் செயின் தடுமாறுவதில் வியப்பில்லை.

டெரெய்லரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதற்குக் கிளிக் எதுவும் தெரியாது; லிவர் இழுத்த அளவுக்கு நகர்வது மட்டுமே அதன் வேலை. ஷிமானோவின் 7, 8, 9 வேக ரோட் டெரெய்லர்கள் இந்த மடங்கில் ஒன்றுபோலவே இருக்கின்றன. விதிவிலக்கு, 7400 வரிசையைச் சேர்ந்த பழைய டூரா-ஏஸ். அதன் மடங்கு வேறு என்பதால் அதை மற்ற வரிசைகளின் லிவரோடு சேர்க்க முடியாது. உங்களுடையது 105 என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. நகரும் வீச்சு போதுமா என்பதை மட்டும் பாருங்கள். 7 வேக கேசட்டில் முதல் பற்சக்கரத்திலிருந்து கடைசி வரை 30 மி.மீ. தூரம், 8 வேகத்தில் 33.6 மி.மீ. எல்லைத் திருகுகள் இரண்டையும் தளர்த்திவிட்டு, டெரெய்லரைக் கையால் தள்ளிப் பார்த்தால் இரண்டு ஓரங்களையும் எட்டுகிறதா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் எட்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 9 வேக கேசட்டைக் கழற்றிவிட்டு, அதே ஹப்பில் 8 வேக கேசட்டைப் போடுவேன். 8, 9 வேக கேசட்டுகளுக்கு, அவை ஏறி அமரும் ஹப்பின் பகுதியான ஃப்ரீஹப் ஒன்றேதான். இடையில் வளையம் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1.2 மி.மீ. மட்டுமே. கிட்டத்தட்ட அதே அகலத்தை எட்டாகப் பிரித்திருக்கிறார்களா, ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்களா என்பதுதான் வேறுபாடு. கேசட்டை ஹப்பில் இறுக்கும் பூட்டு வளையத்தை மட்டும் கவனியுங்கள்: 11 பல்லில் தொடங்கும் கேசட்டுக்கு உரிய வளையம் சிறியது; 12 பல்லுக்கு உரியதை அங்கே போட்டால் செயின் அதன் மேல் ஏறும்.

---

மாலைநேரப் பயணி

செலவில்லாத வழிகளும் இருக்கின்றன. பின் டெரெய்லரில் கேபிளை இறுக்கும் போல்ட்டின் வழக்கமான பக்கத்தில் அல்லாமல் மறுபக்கத்தில் கேபிளைச் செலுத்தி இறுக்கினால் நகர்வின் மடங்கு மாறிவிடும். வேகம் பொருந்தாத லிவரையும் கேசட்டையும் இப்படி இணைத்து ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இன்னொரு வழி, கீழ்க்குழாயில் இருக்கும் பழைய லிவர்களையே வைத்துக்கொள்வது. அக்காலத்து ஷிமானோ வலது லிவரில் கிளிக் நிலையிலிருந்து உராய்வு நிலைக்கு மாற்றும் வசதி இருக்கும். அந்நிலையில் லிவர் எங்கு விட்டாலும் அங்கேயே நிற்கும். ஏழா, எட்டா, ஒன்பதா என்று அது கணக்குப் பார்ப்பதில்லை. 9 வேக கேசட்டின் பற்களில் செயின் ஏறுவதற்கென்றே சரிவுகள் வெட்டப்பட்டிருப்பதால், பழைய கேசட்டுகளைவிட அதில் உராய்வு லிவரால் மாற்றுவது எளிது. காதால் கேட்டுச் சிறிது முன்பின் நகர்த்தும் பழக்கம் விரைவிலேயே கைவந்துவிடும். 9 வேகத்துக்கு லிவர் மொத்தமாக 20 மி.மீ.க்குச் சற்று மேல் கேபிளை இழுக்க வேண்டியிருக்கும். 7 வேக லிவர் தன் எல்லையில் முட்டி நின்றுவிடாமல் அவ்வளவு சுழல்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிஐ லிவர்களைப் பொருத்துவதானாலும் கீழ்க்குழாயில் ஒரு வேலை உண்டு. பழைய லிவர்கள் அமர்ந்திருந்த இரண்டு குமிழ்களிலும் கேபிள் உறையைத் தாங்கும் நிறுத்திகளை மாட்ட வேண்டும். உறையும் கியருக்கு உரியதாகவே இருக்கட்டும். சுருள் கம்பியாலான பிரேக் உறை அழுத்தத்தில் சுருங்கும் என்பதால், கிளிக் கியரில் அதைப் போட்டால் ஹேண்டில்பாரைத் திருப்பும்போதுகூடச் செயின் உரசும்.

---

இருசக்கரன்

மாலைநேரப் பயணி அவர்கள் உராய்வு நிலையைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் நெடுந்தூரம் போகும் பைக்கில் இன்றும் அதுதான் இருக்கிறது. இந்த ஃப்ரேமின் அழகுக்கும் அதுவே பொருந்தும் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் கேபிளை மறுபக்கம் செலுத்தும் யோசனை இங்கே உதவாது. போல்ட்டின் மறுபக்கத்துக்குப் போகும் கேபிள் டெரெய்லர் கையின் சுழல் முனைக்கு நெருங்கி வருகிறது. நெம்புகோலின் கை நீளம் குறைவதால் அதே அளவு இழுப்புக்கு டெரெய்லர் அதிகமாக நகரும். லிவர் குறைவாக இழுத்து, பற்களின் இடைவெளி அதிகமாக இருக்கும்போது அது பயன்படும்: 9 வேக லிவரும் 8 வேக கேசட்டும் கையில் இருப்பவர்கள் அப்படிச் செய்வதுண்டு. கேள்வி கேட்டவரின் நிலை அதற்கு நேரெதிரானது. அவருடைய டெரெய்லர் ஏற்கெனவே தேவைக்கு மேல் நகர்கிறது. மறுபக்கம் செலுத்தினால் கோளாறு இன்னும் பெரிதாகும்.

9 வேக கேசட்டைப் பிரித்து, ஒரு பற்சக்கரத்தை எடுத்துவிட்டு, இடையில் உள்ள வளையங்களுக்குப் பதிலாக 8 வேக வளையங்களைப் போடும் வழியும் உண்டு. 9 வேக வளையத்தின் கனம் சுமார் 2.5 மி.மீ.; 8 வேகத்தினுடையது 3 மி.மீ. பற்சக்கரங்களை ஆணியடித்து இணைத்திருந்தால் அந்த ஆணிகளை எடுக்க வேண்டியிருக்கும். பெரியவை மூன்றும் ஒரே அலுமினியத் தாங்கியில் அமர்ந்த வகையானால் இது நடக்காது. மிகச் சிறிய பற்சக்கரத்துக்கு வளையம் அதனுடனேயே வார்க்கப்பட்டிருப்பதால் அந்த ஓர் இடைவெளி மட்டும் சற்றுக் குறுகலாகவே இருக்கும். பெரும்பாலோருக்கு அது தெரிவதுகூட இல்லை. பொழுதுபோக்காகச் செய்யலாம், 8 வேக கேசட்டுகள் இன்னமும் தயாராகிக்கொண்டிருக்கையில் வேறு காரணத்துக்காகச் செய்ய வேண்டியதில்லை.

இந்த எண் விளையாட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வேக எண் ஒன்றாக இருந்தாலே பொருந்திவிடும் என்றும் நம்பக்கூடாது. ஷிமானோவின் டியாக்ரா 4700 பத்து வேக வரிசைதான். ஆனால் அதன் லிவரும் டெரெய்லரும் 11 வேக ரோட் வரிசையின் அளவுகளைப் பின்பற்றுபவை. அவற்றின் மடங்கு 1.7 அல்ல, சுமார் 1.4. முந்தைய 10 வேக லிவரை அந்த டெரெய்லரோடு இணைத்தால் எண்கள் பொருந்தும், கியர் பொருந்தாது. மறுபுறம், காம்பாக்னோலோவின் பழைய 10 வேக லிவர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.8 மி.மீ. இழுப்பதால், அதை ஷிமானோவின் பழைய டெரெய்லரோடும் 8 வேக கேசட்டோடும் சேர்த்து எத்தனையோ பேர் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். பத்தும் எட்டும், அதிலும் இரண்டு நிறுவனங்களின் பாகங்கள். ஆனால் பெருக்கல் சரியாக வருகிறது.

எழுத்து அழிந்துபோன லிவர் கையில் வந்தால், கீழ்க்குழாய் அருகே வெளியே தெரியும் கேபிளில் ஒரு சிறு ஒட்டுத்தாளைச் சுற்றி, முதல் கிளிக்கிலிருந்து கடைசி வரை அது எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, கிளிக்குகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். கேபிள் இறுக்கமாக இருக்க வேண்டும். முதல் கிளிக்கில் தளர்வு போய்விட்டால் கணக்கு ஏமாற்றும்.

இனி ஃப்ரேம். ஸ்டீல் என்பது உறுதியானால் 126-இலிருந்து 130-க்குப் போவதில் அச்சம் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு 2 மி.மீ.தான். கையால் விரித்துச் சக்கரத்தை நுழைத்தே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. ஒவ்வொரு முறை பஞ்சர் ஆகும்போதும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்க மனமில்லாதவர்கள், சூடாக்காமலேயே வளைத்து நிரந்தரமாக 130-க்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அப்படிச் செய்யும்போது இரண்டு பக்கமும் சமமாக விரிந்தனவா என்பதே முக்கியம். ஒரு டிராப்அவுட்டில் (பின் அச்சு அமரும் பிளவு) நூலைக் கட்டி, முன் ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபைச் சுற்றிக்கொண்டுவந்து மறு டிராப்அவுட்டில் கட்டுங்கள். இருக்கையைத் தாங்கும் சீட் டியூபிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருந்தால் சரி. அலுமினியமோ கார்பனோ ஆனால் இந்த வேலையைத் தொடவே கூடாது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்; ஒட்டினாலும், பின் சக்கரத்தின் இருபுறமும் கீழே செல்லும் செயின்ஸ்டே குழாய்களை இணைக்கும் பாலத்தின் ஓரத்திலும் டிராப்அவுட் இணைப்பிலும் துருவோ மயிர்க்கோடு போன்ற விரிசலோ இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

---

பழைய ஃப்ரேம்

மூவருக்கும் நன்றி. காந்தம் ஒட்டுகிறது, இணைப்புகள் சுத்தமாக உள்ளன. லிவரைக் கருவிப்பெட்டி சொன்ன கணக்கின்படியும் இருசக்கரன் சொன்ன முறைப்படியும் அளந்தேன்: ஏழு கிளிக்குகளுக்கு 19.5 மி.மீ.க்கு அருகில் வருகிறது. எனவே 8 வேக கேசட்டுக்கே போகிறேன். 13–26 ஒன்று கிடைக்கிறது. உராய்வு லிவர்களைக் கழற்றி எறியாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மீதமிருப்பவை இரண்டு கேள்விகள். ஏற்கெனவே வாங்கிய 9 வேக செயினையே 8 வேக கேசட்டில் பயன்படுத்தலாமா? பின்னாளில் முன்னால் 50, 34 பற்கள் கொண்ட கிராங்குக்கு மாறினால் இதே பின் டெரெய்லர் தாங்குமா?

---

கருவிப்பெட்டி

செயினின் ஒரு பல்லிடை நீளம் எல்லா வேகங்களுக்கும் அரை அங்குலம்தான், அதாவது 12.7 மி.மீ.; மாறுவது அகலம். 8 வேக செயினின் வெளி அகலம் 7 மி.மீ.க்குச் சற்று மேல், 9 வேகத்தினுடையது சுமார் 6.6. குறுகிய செயின் அகன்ற இடைவெளியில் உரசாமல் ஓடும். அகன்ற செயின் குறுகிய இடைவெளியில் பக்கத்துப் பல்லைத் தொடும். ஆகவே 9 வேக செயினை 8 வேக கேசட்டில் ஓட்டலாம்; எதிர்த்திசையில் கூடாது. ஆயினும் உங்கள் செயின்ரிங்குகள் 7 வேகக் காலத்தவை. அவற்றுக்கு இடையிலான வெளி அகன்ற செயினுக்கென்று வைக்கப்பட்டது. குறுகிய செயின் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும்போது எப்போதாவது சிறியதன் பல் நுனிகளின் மேலேயே நின்று வழுக்கும். முன் டெரெய்லரின் கூண்டும் அகலமானது என்பதால் மாற்றம் சற்று மந்தமாக இருக்கும். வாங்கிவிட்டதை வீணாக்க வேண்டாம் என்றால் ஓட்டிப் பாருங்கள். அந்த வழுக்கல் ஒருமுறை தெரிந்தாலும் 8 வேக செயினுக்கு மாறிவிடுங்கள், ஏனென்றால் நின்று மிதிக்கும் நேரத்தில் அது நடந்தால் விழ நேரிடும்.

50, 34-க்கு மாறினால் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். முன்னால் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள பல் வித்தியாசத்தையும், பின்னால் உள்ள அதே வித்தியாசத்தையும் கூட்டினால், பின் டெரெய்லரின் கூண்டு (இரண்டு சிறு சக்கரங்கள் உள்ள தொங்கும் சட்டம்) சுருட்டிக்கொள்ள வேண்டிய செயினின் அளவு கிடைக்கும். இப்போது பத்தும் பதின்மூன்றும் சேர்ந்து 23. குட்டைக் கூண்டுக்கு இது எளிது. 50, 34-உடன் அது 16-உம் 13-உம் சேர்ந்து 29 ஆகும். குட்டைக் கூண்டு டெரெய்லர்கள் பலவற்றுக்கு அதுவே விளிம்பு. உங்களுடைய மாடலின் கொள்ளளவு அதற்கும் கீழே என்றால், சிறியதும் சிறியதும் சேரும்போது செயின் தொங்கும். அப்போது கூண்டு நீளமான 8 அல்லது 9 வேக ரோட் டெரெய்லர் ஒன்றைத் தேடுங்கள். மடங்கு அதேதான் என்பதால் லிவரையும் கேசட்டையும் தொட வேண்டியிருக்காது.

செயினை வெட்டும் முன், டெரெய்லருக்குள் விடாமல் பெரிய செயின்ரிங்கையும் பெரிய பின் பற்சக்கரத்தையும் சுற்றி இழுத்துப் பிடித்து, இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். கிராங்கை மாற்றும்போது இந்த அளவை மீண்டும் எடுக்க வேண்டும்.

---

இருசக்கரன்

ஃப்ரேமை விரித்தபின் கேசட்டைப் போட்டவுடன் கியரைச் சரிசெய்ய உட்காராதீர்கள். டிராப்அவுட்டுகள் வெளியே போகும்போது டெரெய்லர் தொங்கும் காதும் சேர்ந்து சாய்கிறது. அதை நேராக்காமல் எவ்வளவு கேபிளைத் திருகினாலும் கிளிக்குகள் ஒழுங்காக வராது. அளக்கும் கருவி இல்லையென்றால், டெரெய்லரைக் கழற்றிவிட்டு, வேறொரு பின் சக்கரத்தின் அச்சு முனையை அந்தக் காதின் திருகுத்துளையில் சில சுற்றுகள் செலுத்துங்கள். வழக்கமான பின் அச்சுக்கும் அந்தத் துளைக்கும் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரிஇடைவெளியும் பொதுவானவை. இப்போது இரண்டு சக்கரங்களும் அருகருகே நிற்கும். மேலே, கீழே, பின்னால் என்று மூன்று இடங்களில் ரிம்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, எங்கே வேறுபடுகிறதோ அந்தப் பக்கமாகச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாக வளையுங்கள். ஸ்டீல் காது என்பதால் தாங்கும். ஆனால் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைக்காமல் ஒரே திசையில் சிறிது சிறிதாகப் போங்கள்.

அதே சமயம் கேசட்டின் மிகச் சிறிய பற்சக்கரத்தில் செயின் இருக்கும்போது சீட்ஸ்டேயின் (இருக்கைப் பக்கத்திலிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாய்) உட்பக்கத்தை உரசுகிறதா என்றும் பாருங்கள். 7 வேக ஃப்ரேம்களில் அங்கே இடம் குறைவு. உரசினால் ஹப்பின் வலப்புறப் பூட்டு நட்டுக்கு உள்ளே 1 மி.மீ. வாஷர் ஒன்றைச் சேர்த்து, ரிம் மறுபடியும் ஃப்ரேமின் நடுவில் வரும்படி ஸ்போக்குகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.